மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்

அந்த ஆறு மாடி ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர்களில் உட்கார அனுமதி பெற்றவர்கள் மூன்றே பேர்: முதலாளி, காசாளர், லிஃப்ட்காரர். முதலாளி உட்காருவதில் அதிசயம் ஒன்றுமில்லை, கடை அவருடையது. காசாளர் நின்றுகொண்டு எண்ணினால் தப்பு வரும் என்று முதலாளியின் அப்பா காலத்திலேயே முடிவாகியிருந்தது. லிஃப்ட்காரருக்கு அந்தப் பாக்கியம் எப்படி வாய்த்தது என்றால், அது பழைய காலத்து லிஃப்ட். பொத்தானை அழுத்தினால் போகிற ரகம் இல்லை. முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு பித்தளைக் கைப்பிடி இருக்கும். இந்தப் பக்கம் தள்ளினால் மேலே, அந்தப் பக்கம் தள்ளினால் கீழே. நாள் முழுக்கக் குனிந்து தள்ளினால் முதுகு போய்விடும். ஆகவே லிஃப்டோடு ஒரு மர ஸ்டூல் வந்தது. ஸ்டூலோடு இவர் வந்தார். வந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஒல்லியான மனிதர். வாய் மட்டும் ஓயாது. யார் ஏறினாலும் "மேலயா, கீழயா?" என்று கேட்பார். தரைத்தளத்தில் ஏறினாலும் அதே கேள்விதான். அங்கிருந்து கீழே போனால் லிஃப்டின் பள்ளம்தான் இருக்கிறது என்று ஒருவர் சுட்டிக்காட்டியபோது, "நீங்க போகணும்னு சொன்னா நான் தடுக்கவா முடியும்?" என்றாராம். ஆனால் வேலையில் விளையாட்டு கிடையாது. லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரு நூல் பிசகாமல் சேரும்படி நிறுத்துவார். கண்ணைக் கட்டிவிட்டாலும் நிறுத்துவேன் என்று சொல்லிக்கொள்வார். யாரும் கட்டிப் பார்த்ததில்லை, ஆனாலும் எல்லோரும் நம்பினார்கள்.

கடையில் துணி எடுத்துக் காட்டும் பெண்கள் எண்பத்தாறு பேர். காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் இரவு எட்டரை வரை நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். வாங்க வருகிறவர்களுக்கு நாற்காலி உண்டு, அதன் முதுகில் பணிப்பெண் ஒருத்தி கை வைத்தாலே மேற்பார்வையாளர் பறந்து வந்துவிடுவார். அவருக்குப் பெண்கள் வைத்த பெயர் கழுகு. அலமாரியில் சாய்ந்தால் குற்றம், ஆளே இல்லாத நேரத்தில் குந்தினால் பெருங்குற்றம். ஆட்கள் உட்கார்ந்திருந்தால் கடை தூங்குகிற மாதிரி தெரியும் என்பது முதலாளியின் அப்பா கண்டுபிடித்த தத்துவம். அவர் அதை மெத்தை நாற்காலியில் சாய்ந்தபடிதான் கண்டுபிடித்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பணிப்பெண்கள் லிஃப்டில் ஏறக் கூடாது, படிதான். ஒரே ஒரு விலக்கு. கையில் துணிக்கட்டு இருந்தால் ஏறலாம், ஏனென்றால் துணி கசங்கக் கூடாது. மனுஷி கசங்குவது பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

லிஃப்ட்காரரின் மனைவியும் அப்படி ஒரு துணிக்கட்டோடு ஏறியவள்தான். மூன்றாம் மாடியில் திரைச்சீலைப் பிரிவு. வேறு எந்தத் துணியையும்விடத் திரைச்சீலைக்குக் கனம் அதிகம், அதனால் அவள் அடிக்கடி லிஃப்டில் வந்தாள். இவர் அடிக்கடி பேசினார். இரண்டு வருஷப் பேச்சுக்குப் பிறகு, "இப்படி ஏறி இறங்கறதுக்குப் பதிலா வீட்லயே வந்து பேசுங்க, எங்க அப்பா சும்மாதான் இருக்கார்" என்று அவளே சொல்லிவிட்டாள். கல்யாணம் ஆயிற்று. ஒன்றாக வேலைக்குப் போனார்கள், ஒன்றாகத் திரும்பினார்கள். பஸ்ஸில் இடம் கிடைத்த மறுநிமிஷம் அவள் தூங்கிவிடுவாள். தூங்குகிறவளிடம் இவர் பேசிக்கொண்டே வருவார்.

பத்தொன்பதாவது வருஷம் அவள் கணுக்காலில் ஒரு புண் வந்தது. கால் முழுக்க நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது, புண் ஆறவே இல்லை. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஜவுளிக்கடைங்க."

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"கடை திறந்திருக்கிற நேரம் பூராவும்."

டாக்டர் எழுதிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "நீங்க?"

"நானும் அதே கடைதான் டாக்டர். லிஃப்ட்."

"நீங்களும் நிக்கணுமா?"

"இல்ல டாக்டர், எனக்கு ஸ்டூல் இருக்கு."

சொல்லி முடித்ததும் அவருக்குத் தன் வாயைத் தானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. டாக்டர் மருந்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். மனைவி அதை மடித்துப் பையில் வைத்தாள். வழியெல்லாம் மனுஷன் பேசவே இல்லை. பத்தொன்பது வருஷமாக எத்தனை தடவை அவள் கனத்த கட்டோடு அந்த லிஃப்டில் ஏறியிருப்பாள்! ஒரு தடவையாவது எழுந்து, "இந்தா, நீ கொஞ்சம் உக்காரு" என்று சொன்னதுண்டா? மனசில்லாமல் இல்லை. தோன்றவே இல்லை. அதுதான் அவரை வதைத்தது.

அவள் வேலையை விட்டாள். டாக்டர் சொன்னபடி காலில் பட்டைத் துணி சுற்றும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். தினமும் காலை அவள் கட்டிலை விட்டு இறங்குமுன், விரல் நுனியில் ஆரம்பித்து முழங்கால் வரைக்கும், ஒரு சுற்று மேல் பாதிச் சுற்று ஏறும்படி சுற்ற வேண்டும். இறுக்கினால் விரல் நீலமாகும், தளர்ந்தால் பத்து மணிக்குள் அவிழ்ந்துவிடும். ஒரே மாதத்தில் ஆஸ்பத்திரி நர்ஸே பாராட்டும்படி கட்டக் கற்றுக்கொண்டார்.

அதே மாதத்தில்தான் லிஃப்டுக்குப் பழுது வந்தது.

முதல் மாடிச் சட்டைத்துணிப் பெண் ஒருத்தி கையில் கட்டோடு ஏறினாள். முகம் வெளிறி, உதடு காய்ந்து, கண் சொருகிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடியைத் தாண்டியதும் இவர் சிவப்பு விசையைத் தட்டினார். லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

"ஐயோ அண்ணே, நின்னுடுச்சு!"

"நிக்கட்டும். நீ உக்காரு."

எழுந்து ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். அவள் திருதிருவென்று விழித்தாள். "உக்காரும்மா, ஸ்டூலா கடிக்கும்?" என்று அதட்டியதும் உட்கார்ந்தாள். அவள் செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துக்கொள்ள வசதியாக இவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஐந்து நிமிஷம். பிறகு விசையைத் தட்டினார், லிஃப்ட் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மேலே போயிற்று.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. மற்ற மாடிகளுக்கு நடுவே நிறுத்தினால் கம்பிக் கதவு வழியாக மேலிருந்தோ கீழிருந்தோ எட்டிப் பார்க்கலாம். மூன்றாம் மாடிக்கு மேல் மட்டும் சாமான் அடைக்கிற பரண் ஒன்று இருந்ததால் அங்கே சுவர் ஓராள் உயரம் அதிகம். அந்த இடத்தில் நின்றால் எந்தக் கழுகின் கண்ணுக்கும் தெரியாது.

அதன் பிறகு தினமும் பழுது. அதிலும் கணக்காக, காலையில் கூட்டம் குறைந்த நேரத்தில் மூன்று, மாலையில் மூன்று. பழுதுப் பதிவேட்டில் ஒவ்வொன்றையும் எழுதினார்: "3க்கும் 4க்கும் நடுவில் நின்றது. 5 நிமிடம். தானே சரியானது." மாதம் ஒரு முறை வருகிற மெக்கானிக் மேலும் கீழும் போய்ப் பார்த்தார், எண்ணெய் போட்டார், தலையைச் சொறிந்தார். அவருடைய அக்கா ஒரு செருப்புக்கடையில் நின்றுகொண்டிருப்பவள். ஒரு நாள் லிஃப்ட்காரரின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "பழைய லிஃப்ட். அப்படித்தான் இருக்கும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த ஆறு வருஷமும் அதையேதான் எழுதினார்.

பெண்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு முதல் உரிமை, மாதத்தின் வலி நாட்களில் இருப்பவளுக்கு அடுத்தது. "இன்னிக்கு யாருக்குப் பழுது?" என்று படிக்கட்டில் காதும் காதும் வைத்தாற்போல் கேட்டுக்கொள்வார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன் மனைவி கேட்பாள், "இன்னிக்கு எத்தனை பேரு?"

"ஆறு" என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும். அந்தப் பெருமை அவருக்கு வேண்டியிருந்தது, நாம் குறை சொல்ல வேண்டாம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஊரில் உட்காரும் உரிமை இயக்கம் தொடங்கிற்று. ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, செருப்புக்கடை, மருந்துக்கடை என்று கடைகளில் நிற்கும் பெண்கள் விடுமுறை நாளில் ஒரு சைக்கிள் கடையின் மாடி அறையில் கூடினார்கள். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஆளுக்கொரு இருக்கை, வாங்க ஆள் இல்லாதபோது அதில் உட்கார அனுமதி. இந்தக் கடையிலிருந்து முன்னால் நின்றவள் நான்காம் மாடியில் போர்வை விற்பவள். போர்வை அக்கா என்றால் ஆறு மாடிக்கும் தெரியும். மைக் இல்லாமலே அவள் குரல் தெரு முனை வரை போகும்.

வாங்க வருகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள் என்பதுதான் அழகு. பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் இரண்டாம் மாடியில் நின்று, "நீ உக்காந்து காட்டு, அப்பத்தான் நான் வாங்குவேன்" என்று பிடிவாதம் பிடித்தார். கழுகு கையைப் பிசைந்துகொண்டு நின்றது. ஒரு வாரத்தில் அது ஊர் வழக்கமாகிவிட்டது. தச்சர் ஒருவர் மடக்கு ஸ்டூல் ஒன்றை மாதிரிக்குச் செய்து சைக்கிள் கடை மாடியில் வைத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனார்.

லிஃப்ட்காரரின் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. காலை நீட்டிக்கொண்டு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லோரையும் மடக்கி இயக்கத்தின் மனுவில் கையெழுத்து வாங்கினாள். தபால்காரர் தப்பவில்லை, தண்ணீர் லாரிக்காரர் தப்பவில்லை. தயங்குகிறவர்களிடம் பேச்சே கிடையாது. பட்டைத் துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டுவாள். உடனே பேனாவை வாங்கிக்கொள்வார்கள். இப்படி முந்நூற்று நாற்பது கையெழுத்து.

அந்த மனுவை ஒரு சாயங்காலம் லிஃப்ட்காரர் எடுத்துப் படித்தார். படித்தவரின் முகம் தொங்கிப் போயிற்று.

"எண்பத்தாறு பேருக்கு ஒரு இருக்கைகூட இல்லைன்னு போட்டிருக்கே?"

"ஆமா, இல்லைதானே?"

"அப்ப என் ஸ்டூல்?"

மனைவி அவரைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. "அது உங்க ஸ்டூலுங்க."

"உக்கார்றது அவங்கதானே?"

"நீங்க உக்காரச் சொன்னா உக்கார்றாங்க. நீங்க லீவு போட்டா?"

மனுவை மடித்து அவளிடம் கொடுத்தார். இரண்டு நாள் உர்ரென்று இருந்தார். மூன்றாம் நாள் மனுவின் கடைசிப் பக்கத்தில் தானும் ஒரு கையெழுத்துப் போட்டார், மிகச் சின்னதாக, யாரோ பார்த்துவிடப் போகிறார்கள் என்பது போல.

மனு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போயிற்று. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு முதலாளி லிஃப்ட்காரரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. இவர் அதன் நுனியில் உட்கார்ந்தார்.

"உங்க லிஃப்ட் பழுதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று முதலாளி தேன் ஒழுகத் தொடங்கினார். "கோபமே இல்லைங்க. நல்ல காரியம்தான் செஞ்சிருக்கீங்க. அதையேதான் நாங்க தொழிலாளர் ஆபீசுக்குக் குடுத்த பதில்ல எழுதியிருக்கோம். பணிப்பெண்கள் ஓய்வெடுக்க லிஃப்ட்ல வசதி செஞ்சு குடுத்திருக்கோம், ஆறு வருஷமா நடந்துட்டு இருக்கு, லிஃப்ட்காரரே சாட்சின்னு. நீங்க வந்து ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

லிஃப்ட்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். முதலாளி விடவில்லை.

"நீங்க ஓய்வு பெற இன்னும் எவ்வளவு நாள்?"

"பதினாலு மாசம் ஐயா."

"பொய்ப் பழுது எழுதினதுக்கு வேற முதலாளியா இருந்தா அன்னிக்கே வெளியே அனுப்பியிருப்பார், ஓய்வுத் தொகையும் போயிருக்கும். நான் அப்படிப்பட்டவன் இல்லை. யோசிங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? லிஃப்டுக்குத் திரும்பி வந்தார். செய்தி படிக்கட்டு வழியாக அவருக்கு முன்பே நான்காம் மாடிக்குப் போயிருந்தது. போர்வை அக்கா ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து லிஃப்டில் ஏறினாள். அன்றைக்கு அவள் முறை இல்லை, இவரும் நிறுத்தவில்லை.

"அண்ணே, உங்க ஸ்டூலு எங்களுக்கே எதிரா வந்து உக்காந்துடுச்சு" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நீங்க என்ன சொன்னாலும் நீங்க எங்க அண்ணன்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஆறாம் மாடியில் இறங்கி, அதே கட்டோடு படிவழியாகக் கீழே போனாள். திட்டியிருந்தால் தேவலையே என்று இவருக்கு இருந்தது. அன்று ஐந்தாம் மாடியில் லிஃப்டை நாலு விரல் உயர்த்தி நிறுத்திவிட்டார். அவர் வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை.

விசாரணை நாள் காலையில் மனைவியின் காலில் பட்டைத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். பாதி சுற்றியதும் கை நின்றது.

"நான் என்ன சொல்லட்டும்?"

"நான் சொல்லி நீங்க செஞ்சா, நாளைக்கு வேலை போச்சேன்னு என்னைத் திட்டுவீங்க. சொல்லாம விட்டு நீங்க ஏடாகூடமா எதையாவது சொல்லி வச்சா, நான் உங்களைத் திட்டுவேன். எப்படியும் திட்டு உண்டு. கட்டை முடிங்க, நானும் வரணும்."

"நீ எதுக்கு? அங்க மாடி ஏறணும்."

"ஏறுவேன். உங்க லிஃப்ட் இல்லாட்டி எனக்கு ஏறத் தெரியாதா?"

தொழிலாளர் அலுவலகத்தில் நீளமான அறை. சுவரோரம் இரண்டு பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. கடையிலிருந்து வந்த பன்னிரண்டு பெண்களும் அவற்றுக்கு முன்னால் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். லிஃப்ட்காரரின் மனைவி ஒருத்திதான் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தாள். விசாரிக்க வந்த அதிகாரி ஒரு பெண்மணி, மூக்கு நுனியில் கண்ணாடி. உள்ளே வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா எல்லாரும் நிக்கறீங்க? பெஞ்ச் இருக்கே?"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுத்த நிமிஷம் முதலாளி நுழைந்தார். யாரும் சொல்லவில்லை, பன்னிரண்டு பேரும் விருட்டென்று எழுந்துவிட்டார்கள். போர்வை அக்காவும்தான். எழுந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். லிஃப்ட்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையின் வக்கீல் அவரை எழுப்பிக் கேட்டார், ஒவ்வொன்றும் ஆமாம் என்று முடியும்படி.

"லிஃப்ட்ல ஸ்டூல் இருக்கா?"

"இருக்குங்க."

"பணிப்பெண்கள் அதுல உக்காந்து ஓய்வெடுத்தாங்களா?"

"எடுத்தாங்க."

"தினமும்?"

"தினமும்."

"ஆறு வருஷமா?"

"ஆமாங்க."

வக்கீல் திருப்தியாகத் தாளை மடித்தார். முதலாளி மேற்கூரையைப் பார்த்துப் புன்னகை செய்தார். "அவ்வளவுதானா?" என்று அதிகாரி கேட்டார். அவ்வளவுதான் என்றார் வக்கீல். லிஃப்ட்காரர் உட்காராமல் நின்றார்.

"நான் கொஞ்சம் பேசலாமாம்மா?"

"சொல்லுங்க."

"அந்த ஸ்டூலு எனக்குக் குடுத்தது. அதுல அவங்களை உக்கார வைக்கச் சொல்லி யாரும் எங்கிட்ட சொல்லலை. நான் திருட்டுத்தனமா செஞ்சேன். லிஃப்டை நடுவுல நிறுத்திட்டு, பழுதுன்னு பதிவேட்டுல பொய் எழுதினேன். ஆறு வருஷமும் பொய்தான். லிஃப்டுக்கு ஒரு குறையும் இல்லை, அது தங்கமான லிஃப்ட்."

வக்கீல் எழுந்தார். அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"ஒரு நேரத்துல ஒருத்தர்தான் உக்கார முடியும்மா. அஞ்சு நிமிஷம். ஒரு நாளைக்கு ஆறு பேரு. மொத்தம் எண்பத்தாறு பேரு. அப்படின்னா ஒரு பொண்ணுக்குப் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம். அதுக்கு நான் வீட்டுக்குப் போயி பெருமை அடிச்சுக்குவேன்." பெஞ்சின் பக்கம் கையைக் காட்டினார். "என் சம்சாரம் அந்தக் கடையில பத்தொன்பது வருஷம் நின்னா. அதோ உக்காந்திருக்காளே, அவதான். அவ நின்னா, நான் உக்காந்திருந்தேன். அவளுக்கு ஒரு தடவைகூட நான் எழுந்திரிச்சு எடம் குடுத்ததில்லை. எனக்குத் தோணவே இல்லைம்மா. கூடவே வாழ்றவனுக்கே தோணலைன்னா முதலாளிக்கு எப்படித் தோணும்? அதனால சட்டம் போட்டுச் சொல்லிடுங்க. என்னை மாதிரி ஆளுங்களுக்குத் தோணும்னு காத்திருக்காதீங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"இதையெல்லாம் நான் எழுதிக்கிட்டா உங்க வேலைக்கு ஆபத்துன்னு தெரியுமா?"

"தெரியும்மா. எழுதிக்குங்க."

இந்த முறை கையெழுத்தைப் பெரிதாகவே போட்டார். திரும்பி வந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறு வருஷமாக அவளிடம் தனியாகக்கூடச் சொல்ல முடியாததை ஊரறியச் சொல்லியாகிவிட்டது, இனி அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"டாக்டர்கிட்ட அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுடுச்சு" என்றாள். "அதனாலதான் நான் ஒண்ணும் கேக்கலை. போலாம் வாங்க, பசிக்குது."

மறுநாள் காலை கடை வாசலிலேயே காவலாளி கடிதத்தைக் கொடுத்தார். உள்ளே விடக் கூடாதென்று உத்தரவு. பதினான்கு மாதமும் போயிற்று, ஓய்வுத் தொகையும் போயிற்று. அன்றிலிருந்து லிஃப்டைக் கழுகே ஓட்ட வேண்டியதாயிற்று. அரையடி உயரத்தில் நிறுத்துவார், அரையடி பள்ளத்தில் நிறுத்துவார். முதல் வாரத்தில் தடுக்கி விழுந்தவர்களில் முதலாளியும் ஒருவர். இதைக் கேட்டு லிஃப்ட்காரர் சந்தோஷப்பட்டார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், ஆனால் சந்தோஷப்பட்டார்.

பெண்கள் அவரைக் கைவிடவில்லை. ஒவ்வொரு விடுமுறை நாளும் ஆறு பேர் வீட்டுக்கு வந்தார்கள், அதே பழைய முறை வரிசைப்படி. வீட்டில் இருந்ததோ மூன்று நாற்காலி. அக்கம்பக்கத்தில் வாங்கிப் போட்டு, வந்தவர்களை உட்கார வைத்தபிறகுதான் மனைவி பேச ஆரம்பிப்பாள். வருகிறவர்கள் பட்டைத் துணி, மருந்து, காய்கறி என்று ஏதாவது கொண்டுவந்து, பார்க்காத நேரத்தில் சமையலறையில் வைத்துவிட்டுப் போவார்கள். மெக்கானிக் ஒரு நாள் வந்து, ஆஸ்பத்திரி வண்டி நிறுத்தத்தில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குச் சொல்லிவைத்திருப்பதாகச் சொன்னார். சம்பளம் பாதிதான். போனார். மாடி கிடையாது, அதனால் "மேலயா, கீழயா" என்று கேட்க முடியவில்லையே என்பதுதான் அவருக்கு அங்கே இருந்த ஒரே குறை.

நான்காவது மாதம் உத்தரவு வந்தது. பணிப்பெண்கள் எல்லோருக்கும் இருக்கை போட வேண்டும், அந்த ஒரு கடை மட்டுமல்ல, ஊரில் உள்ள எல்லாக் கடையும். உத்தரவின் நகலைப் போர்வை அக்கா கொண்டுவந்து உரக்கப் படித்தாள். "ஒரு பெண்ணுக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் என்பது ஓய்வு ஆகாது" என்று ஒரு வரி வந்ததும் லிஃப்ட்காரர் மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னார். அவள் நாலு தடவை படித்தாள்.

ஒரு புதன்கிழமை ஸ்டூல்கள் வந்து இறங்கின என்று செய்தி வந்தது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்திருக்கிறார்களா, பேருக்கு ஓரமாக அடுக்கி வைத்திருக்கிறார்களா, கழுகு கண்ணை உருட்டுகிறதா, ஒன்றும் தெரியவில்லை. நேரில் பார்க்கலாம் என்றால் காவலாளி உள்ளே விடமாட்டார்.

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாள் மனைவி. "என்னை உள்ளே விடாதேன்னு யாரும் கடுதாசி குடுக்கலையே."

சனிக்கிழமை மத்தியானம் நல்ல உடை உடுத்திக்கொண்டு பஸ் ஏறினாள். டோக்கன் வேலை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் வந்திருக்கவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். ஆறு மணிக்குத் தெருமுனையில் அவள் தலை தெரிந்தது. வீட்டு வாசலை மிதிக்கும்வரை பொறுமையாக இருந்தார், அதற்குமேல் முடியவில்லை.

"உக்காந்திருக்காங்களா?"

"உக்காந்திருக்காங்க. போர்வைக்காரி கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கா."

"கழுகு?"

"லிஃப்ட் ஓட்டிட்டு இருக்கு. உங்க ஸ்டூலுலதான்."

"ஏன் இவ்வளவு நேரம்? துணி எடுத்தியா?"

அவள் வெறும் கையைக் காட்டினாள். "ஒண்ணும் எடுக்கலை. மூணாம் மாடிக்குப் போனேன். திரைச்சீலைக்கு இப்ப ஒரு சின்னப் பொண்ணு இருக்கு. நான் யாருன்னு சொன்னேன். உடனே ஸ்டூலைக் குடுத்துட்டு, நீங்க உக்காருங்கக்கா, நான் சாப்பிட்டு வரேன்னு போயிடுச்சு."

"வாங்கறவங்க பக்கமா உக்காந்தே?"

"இல்லைங்க. உள்ளே. நான் நின்ன எடத்துல."

அவர் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"அரை மணி நேரத்துல அந்தப் பொண்ணு வந்துடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் இருங்கக்கான்னு சொல்லிச்சு. சரின்னு இருந்தேன்" என்றாள் அவள். "மூணு மணி நேரம் உக்காந்துட்டேன்."